திங்கட்கிழமை இரண்டு மில்லி

...கால் வீங்குவது யாருக்குத்தான் இல்லை, காலை ஆறரைக்கு நிற்க ஆரம்பித்தால் பதினோரு மணி வரைக்கும் நின்ற இடத்திலேயே நிற்கிற வேலை, செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுகிறது என்றால் அது செருப்பின் குற்றமாகக்கூட இருக்கலாம், அரை அளவு பெரிதாகப் பார்த்துத்தானே புதிதாக வாங்கினேன், இப்போது அதுவும் பிடிக்கிறது... விரலை மடக்குங்க சார், இறுக்கி, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். இந்த எறும்பை இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கடிக்க விட்டிருக்கிறேன். நரம்பு கிடைத்துவிட்டது, ரத்தம் வருகிறது, ஊதா மூடிக் குழாய் ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று, சர்க்கரைக்குச் சாம்பல் மூடி ஒன்று, எல்லாம் கை தானாகவே செய்கிறது, என் கைக்கும் தலைக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகு காலம் ஆகிறது. கோட்டுப் பையில் கைபேசி கனமாகக் கிடக்கிறது. காலையில் பஸ்ஸில் வரும்போதே அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தேன், உங்கள் பரிசோதனை முடிவு தயார், கீழே உள்ள இணைப்பைத் தொடவும். தொடவில்லை. ஊரார் முடிவையெல்லாம் பிரித்துப் பார்த்து உறையில் போட்டு ஒட்டுகிற எனக்கு, என்னுடையதைத் தொட விரல் வரவில்லை. பஞ்சை அழுத்திப் பிடிங்க சார், தேய்க்காதீங்க, ரெண்டு நிமிஷம். அடுத்த டோக்கன் யாரு?

ஏழு. டோக்கன் ஏழு ஒரு பெண், முப்பது வயதிருக்கும், ஓடுவதற்கான காலணி, மணிக்கட்டில் துடிப்பை எண்ணுகிற கடிகாரம், நோய் என்று ஒன்றும் கிடையாது, இருந்தும் அறுபத்து நாலு சோதனை. முன்பெல்லாம் காய்ச்சலோடு வருவார்கள், மஞ்சள் கண்ணோடு வருவார்கள், இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வருவார்கள், எனக்கும் இன்ன காரியத்துக்கு ஊசியை எடுக்கிறேன் என்று தெரியும். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக நடக்கிறார்கள். எல்லாம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிற அந்தப் பலகை செய்த வேலை, நூறாண்டுத் திட்டம், நரைத்த தலையோடு ஒரு கணவனும் மனைவியும் கடற்கரையில் ஓடுகிற படம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. அந்தப் பல்லைப் பார்த்தாலே எனக்கு அசதியாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் கணினி ஒரு எண்ணை அச்சடித்துத் தருகிறது, உங்கள் உடலின் வயது, சர்க்கரை கொழுப்பு கிட்னி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு. நாற்பது வயதுக்காரருக்கு நாற்பத்தாறு என்று வந்தால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது, முப்பத்தெட்டு என்று வந்தால் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. கையை நீட்டிக்கொண்டே கேட்பார்கள், எனக்கு எவ்வளவு தூரம் போகும் சிஸ்டர், என்று. கையை நீட்டினால் ரேகை பார்க்கிறவள் என்று நினைப்பு. நான் சிஸ்டரும் இல்லை, ரத்தம் எடுக்கிறவள், அவ்வளவுதான். நல்லா வரும்மா, கவலைப்படாதீங்க, என்று இந்தப் பெண்ணிடமும் சொல்கிறேன்... எந்த மெஷினை நம்பிச் சொல்கிறேன்?

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறேன், அவர் வந்துவிட்டார், மூன்றாவது நாற்காலி, எப்போதும் அதுதான். கோப்பு சார். பெயர் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் எங்களுக்கு அவர் கோப்பு சார், நீல நிற அட்டைக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டுதான் வருவார். எழுபத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மனைவி போய் ஆறு வருஷம், தனி ஆள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வருவார். கோப்புக்குள் கட்டம் போட்ட நோட்டு, நோட்டுக்குள் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம், புள்ளி வைத்துக் கோடு இழுத்திருப்பார், அத்தனை சுத்தமான கோடு. எல்லாவற்றிலும் அவருக்குச் செல்லமான பக்கம் கிரியாட்டினின். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற எண் அது, கூடினால் கெடுதல், குறைந்தால் நல்லது. அவருக்கு இரண்டு வருஷமாக இறங்கு முகம். ஒன்று புள்ளி நாலில் இருந்து ஒன்று புள்ளி ஒன்றுக்கு. உப்பைக் குறைத்தார், விடியற்காலையில் நடந்தார், தண்ணீரை அளந்து குடித்தார், அதற்கெல்லாம் சம்பளம் மாதிரி ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி கீழே வைத்தார். உடல் வயது அறுபத்து மூன்று. "அம்பத்தெட்டுல ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம்தான் ஆச்சும்மா எனக்கு, பாக்கி உன் மெஷின் குடுத்தது," என்று சிரிப்பார். அவருக்கு டோக்கன் பதினாலு. இன்னும் ஆறு பேர் நடுவில் இருக்கிறார்கள். ஆறு பேருக்குள் நான் என்ன யோசித்து முடிக்கப் போகிறேன்?

மெஷின் குடுத்தது... மெஷினுக்கு யார் கொடுத்தது? நான்தான். இதை வெளியே யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், ஆனால் எங்கள் மாதிரி சின்ன லேபுகளில் நடக்கிற காரியம்தான். மெஷின் ஒழுங்காகப் படிக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே கம்பெனியில் இருந்து ஒரு குப்பி வரும், அதற்குள் இருக்கிற சரக்கின் அளவு முன்கூட்டியே தெரியும், அதை ஓட்டிப் பார்த்து அதே எண் வந்தால் மெஷின் சரி. அந்தக் குப்பி ஒரு மாதம் வந்தது, ஒரு மாதம் வரவில்லை, ஒரு தரம் காலாவதியாகி வந்தது, பிறகு கேட்பதையே விட்டுவிட்டோம். அப்போதுதான் மெஷினை ஓட்டுகிற எங்கள் டெக்னீஷியன் கண்டுபிடித்தார், எனக்குக் கிரியாட்டினின் எப்போது எடுத்தாலும் பாயிண்ட் எட்டு. மழையில் எட்டு, வெயிலில் எட்டு, ஜலதோஷத்தில் எட்டு. "அக்கா, நீங்க மனுஷியே இல்ல, அளவுகோல்," என்றார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் என்னிடம் இரண்டு மில்லி. அதை முதலில் ஓட்டி எட்டு வந்தால் அந்த வாரத்துக்கு மெஷின் சரி. எனக்குப் பெயரே நார்மலக்கா என்று ஆகிவிட்டது, தேநீர் கொண்டுவருகிறவர்கூட நார்மலக்காவுக்குச் சர்க்கரை குறைச்சல் என்பார். சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது, பொய் சொல்வானேன். இந்த வயதில் வேறு எதில் நான் ஊருக்கே அளவாக இருக்கப் போகிறேன், சமையலிலா, பிள்ளை வளர்ப்பிலா, என் வீட்டுக்காரரைக் கேட்டால் இரண்டுக்கும் கையை விரிப்பார்.

டோக்கன் ஒன்பது, நரம்பே இல்லாத கை, தட்டித் தட்டிப் பார்க்கிறேன், இன்னொரு கையைக் காட்டுங்கம்மா... மூன்று தடவை என் எட்டு ஏறியது. ஒவ்வொரு தடவையும் காரணம் இருந்தது, அதுதான் கொடுமை. முதல் தடவை இரண்டு வருஷத்துக்கு முன்னால், மெஷினுக்கு ஊற்றுகிற புது ரசாயனக் குப்பி திறந்த வாரம், பாயிண்ட் எண்பது வரவேண்டிய என் ரத்தம் பாயிண்ட் தொண்ணூற்றிரண்டு காட்டியது. புதுக் குப்பி திறந்தால் மெஷின் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும், அது எங்களுக்குப் பழக்கம், அதற்காகவே மெஷினுக்குள் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது, அதைத் திருகினால் எல்லார் முடிவும் அதற்கேற்ப ஏறும் இறங்கும். டெக்னீஷியன் திருகினார், எனக்கு எட்டு வந்தது, வேலையைப் பார்த்தோம். ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி, அதுவும் புதுக் குப்பி, திருகினார், எட்டு. மூன்றாவது தடவை... மூன்றாவது தடவை அவர் கொஞ்சம் தயங்கினார் என்று நினைக்கிறேன். மூக்கில் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு, "என்னக்கா, எல்லாக் குப்பியுமா ஏறும்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? கையில் குழாய்களை வைத்துக்கொண்டு அவசரத்தில் நின்றேன், வெளியே ஆள் காத்திருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. "என்னைப் பார்க்காதீங்க, மெஷினைப் பாருங்க, இறக்குங்க," என்றேன். இறக்கினார். ஒரு திருகலில் எத்தனை பேர் இறங்கியிருப்பார்கள், யார் யாரெல்லாம் நல்லபடியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கிப் போயிருப்பார்கள், பதிவேடு அலமாரியில் வரிசையாகத்தான் நிற்கிறது, எண்ணினால் எண்ணிவிடலாம். வலிக்குதாம்மா? ஆச்சு, ஆச்சு, முடிஞ்சுது.

போன புதன்கிழமை கோப்பு சார் வந்தார், சோதனைக்கு இல்லை, வழியில் போகும்போது எட்டிப் பார்த்தார். கண் புரை அறுவைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், அங்கே ரத்தம் எடுத்திருக்கிறார்கள், கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஆறு. காகிதத்தை என்னிடம் நீட்டினார். முகத்தில் கவலை இல்லை, எனக்காக ஒரு சங்கடம்தான் இருந்தது. "அவங்க மெஷின் சரியில்ல போலம்மா. நான் அந்த டாக்டர்கிட்டயே சொன்னேன், என் லேப்ல ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு. நோட்டைக் காட்டினேன்." என் லேப். ஒன்று புள்ளி ஆறு, ஒன்று புள்ளி ஒன்று... வகுத்துப் பார்க்க எனக்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. மூன்று திருகலையும் சேர்த்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. வாய் மட்டும் தன் பாட்டுக்குப் பேசியது, "ஒவ்வொரு லேபுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும் சார்." எல்லாருக்கும் சொல்கிற வாக்கியம், வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், எச்சில் மாதிரி தானாக வந்துவிட்டது. அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, கோப்பைக் கட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படி இறங்கினார். நடையோட நடையா மூட்டு போயிடுச்சும்மா, ஆனா கிட்னி நல்லா இருக்கறதால வலி மாத்திரை தாராளமா போடலாம்னு நம்ம தெரு டாக்டர் சொல்லிட்டார், தினம் ரெண்டு. போகிற போக்கில் சொன்னார். தினம் இரண்டு. புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு... பத்து மாத்திரை, நான் வாயைத் திறக்காததால் மட்டும் பத்து மாத்திரை, அந்த மாத்திரை கெட்டுப்போன கிட்னியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியாதா என்ன, என் அக்காவுக்குக் கிட்னி போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே நான். கூடப்பிறந்த அக்கா, தையல்காரி, ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள், வார் பதிந்த இடத்தில் பள்ளம். உட்கார்ந்தே இருக்கிற, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு மெஷின் மிதிக்கிற, வீங்கத்தான் செய்யும், என்று நான்தான் சொன்னேன். லேபில் வேலை பார்க்கிறவள் நான், வாய்க்குள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னேன். உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு வீங்கியது, நின்றுகொண்டிருப்பதால் எனக்கு வீங்குகிறது... எப்படி இருக்கிறது நியாயம். எட்டு மாதம் கழித்து மூச்சு வாங்குகிறது என்று தூக்கிக்கொண்டு ஓடியபோது கிரியாட்டினின் ஏழு. பிறகு நாலு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்புகிற நாற்காலி. என்னைத் திட்டவே இல்லை அவள். ஒரே ஒரு தரம், அங்கே ஊசி குத்துகிறவள் இரண்டு மூன்று தடவை குத்தியபோது, என் பக்கம் திரும்பி, "உன் ஊசி வலிக்காதுடி, நீயே எனக்கு முதல்லயே ஒரு தரம் குத்திப் பார்த்திருக்கலாம்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. போய் மூன்று வருஷம் ஆகிறது. செருப்பைக் கழற்றிய அன்றைக்கு அவளுக்கு என்ன வயதோ அதே வயது இப்போது எனக்கு, ஐம்பத்திரண்டு.

சனிக்கிழமை வேலை முடிந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற இன்னொரு லேபுக்குப் போனேன், முகத்தை மூடிக்கொள்ளாத குறை, தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று. திருடப் போகிறவள்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். அங்கே ரத்தம் எடுக்கிற பெண் எறும்பு என்று சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை, குத்தினாள், சுருக்கென்றது. ஓ, வலிக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "எதுக்கும்மா டெஸ்ட், ஏதாவது தொந்தரவா?" என்று கேட்டாள். சும்மாதான், என்றேன். எல்லாரும் சொல்கிற அதே பதில். ஞாயிறு முழுக்கத் துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி துவைத்தேன், வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்து, தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு, என்றார். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. என்னவென்று சொல்வது, நான் இனிமேல் நார்மல் இல்லைங்க என்றா? நீ என்னைக்கு இருந்த என்பார். அந்தக் கிண்டலைத் தாங்குகிற தெம்பு அன்றைக்கு இல்லை. பன்னிரண்டு, வாங்க சார், வெறும் வயிறுதானே, காபி குடிக்கலையே?

எட்டே முக்கால். கதவிடுக்கில் தலை நீட்டுகிறார் டெக்னீஷியன். "அக்கா, உங்க ரெண்டு மில்லி." வழக்கம்போல நானே ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, நானே குத்தி, நானே எடுத்துக் கொடுக்கிறேன், இதில் எனக்கு வித்தைக்காரி என்று பெயர். கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும், எப்போதும் அப்படித்தான், இந்த இரண்டு மில்லி என்ன ஆனது என்று நான் போய் நின்று பார்த்ததே கிடையாது. இன்றைக்குக் காலே அவர் பின்னால் போகிறது. மெஷின் அறை, நாலடிக்கு ஆறடி, குளிர்பெட்டி முனகல், மேஜை மேல் அவருடைய மூடி போட்ட தண்ணீர் டம்ளர். ரத்தத்தைச் சுற்றவிட்டுப் பத்து நிமிஷம். அவர் மகளுக்கு ஏதோ பரீட்சை என்று பேசிக்கொண்டிருக்கிறார், நான் உம் போடுகிறேன். தெளிந்த நீரை உறிஞ்சி மெஷினுக்குக் கொடுக்கிறார், எண் வருகிறது, பாயிண்ட் தொண்ணூற்றைந்து. "பாருங்க, மறுபடியும் ஏறிடுச்சு. வெள்ளிக்கிழமை புதுக் குப்பி திறந்தேன்ல, அதான். இறக்கிடறேன்." விரல் பொத்தான் மேல் போய்விட்டது. இவ்வளவுதான், இப்படித்தான் மூன்று தடவையும் நடந்திருக்கும், ஒரு விரல், ஒரு பொத்தான், நான் அந்த நேரம் பக்கத்து அறையில் யாருக்கோ எறும்புக் கதை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

"விடுங்க," என்கிறேன். அவர் திரும்பவில்லை, "ஒரு நிமிஷம்கா, முடிச்சிடறேன்." அவர் கையைப் பிடித்துவிட்டேன், இத்தனை வருஷத்தில் அவர் கையை நான் தொட்டதில்லை. "மெஷினை விடுங்க. மெஷின் ஒண்ணும் ஏறல. நான்தான் ஏறியிருக்கேன்." சிரித்தார், விளையாடாதீங்கக்கா, நீங்க நார்மல், என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோப்பு சாருடைய ஆஸ்பத்திரிக் காகிதத்தைச் சொன்னேன், ஒன்று புள்ளி ஆறைச் சொன்னேன், தினம் இரண்டு மாத்திரையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் விரல் பொத்தானை விட்டு மெல்ல மடங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்தார், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். "ரெண்டு வருஷம்னா... எத்தனை பேர்க்கா?" பதில் இரண்டு பேருக்கும் தெரியும், அலமாரியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். பத்து மணிக்கு லேபின் டாக்டரம்மா வருவார், முடிவுத் தாள்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுவார். "நான் சொல்லிக்கறேன் அவங்ககிட்ட," என்றேன். "இறக்கினது நான்தானேக்கா." "இறக்கச் சொன்னது நான்." இரண்டு பேரும் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம், விருந்தில் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க அடித்துக்கொள்கிற உறவுக்காரர்கள் மாதிரி, சிரிப்புக்கூட வந்தது எனக்கு, சிரிக்கத்தான் தெம்பில்லை. அவருக்கு வேலை ஓடவேண்டும், வெளியே குழாய்கள் குவிகின்றன. கம்பெனிக் குப்பி வர்றவரைக்கும் மெஷினை எதை வெச்சுப் பார்க்கறது, என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, தன் சட்டைக் கையை மடித்து என்னிடம் நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றார். ரத்தம் எடுக்க நான் பட்டையைத் தேடும்போது மெதுவாகச் சொன்னார், "என்னோடதை நான் பார்த்ததே இல்லக்கா. முப்பது வருஷமா." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டார். லட்சம் பேர் ரத்தத்தை ஓட்டியவர். என் பையிலும்தான் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது.

டோக்கன் பதினாலு. அவர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி வைத்திருக்கிறார், மடியில் நோட்டு, கிரியாட்டினின் பக்கம், கூர் சீவின பென்சில். இன்றைய தேதிக்கு நேராக ஒரு புள்ளி இப்போதே இருக்கிறது, லேசாக, அழித்தால் அழிந்துவிடுகிற மாதிரி, ஒன்று என்ற கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். "இன்னிக்கு ஒண்ணுக்குக் கீழ வந்துரும்னு ஒரு நம்பிக்கைம்மா. உப்பை நாலு மாசமா தொடல." இரண்டு வருஷம் உப்பைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் உப்பே இல்லாமல் சாப்பிட்டிருக்கிறார், தனியாக, அந்த வீட்டில், நான் கொடுத்த புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு. என்னவென்று ஆரம்பிப்பது? ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் கால் இரண்டும் விண்ணென்று தெறித்தன. சார், அந்தப் பென்சிலைக் கொஞ்சம் கீழ வைங்க. வைத்தார், சொன்னதைக் கேட்கிற மாணவன் மாதிரி. அந்த ஆஸ்பத்திரிப் பேப்பர் இருக்கா சார்? "வீட்டுல எங்கயோ கிடக்கும். எதுக்கும்மா, அதுதான் தப்பாச்சே, நீதானே சொன்ன." தப்பு அது இல்ல சார், என்றேன், தப்பு இங்க, எங்க மெஷின்ல, உங்க நம்பர் இறங்கவே இல்ல சார், நாங்கதான் இறக்கிட்டோம்... அந்த மூட்டு மாத்திரையை இன்னிலேர்ந்து தொடாதீங்க, இன்னிக்கே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் கூட வர்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

திட்டவில்லை. நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கோட்டின் மேல் சுட்டுவிரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்துக்கொண்டு வந்தார், பிள்ளைகளின் கணக்கில் எந்த வரியில் பிசகியது என்று தேடுகிறவர் மாதிரி. பிறகு நோட்டை மூடினார். சுருட்டின சட்டைக் கையை இறக்கிவிட மறந்துபோய் அந்த மெலிந்த கை அப்படியே மேஜை மேல் கிடந்தது. "உனக்கு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டார். கோபமே இல்லை குரலில், வாத்தியார் கேட்கிற கேள்வி, விடை வேண்டும் அவ்வளவுதான். புதன்கிழமை சார், என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புதன்கிழமைதானே, அந்தக் காகிதத்தைப் பார்த்ததும்தானே... ஆனால் கோட்டுப் பையில் இருக்கிற செய்தியை நான் இன்னும் திறக்கவே இல்லை, திறக்காமலேதானே உள்ளே போய் நான்தான் ஏறியிருக்கிறேன் என்று சொன்னேன், அதை எந்த எண்ணைப் பார்த்துச் சொன்னேன்? அவர் காத்திருந்தார். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன், வார் பதிந்து கிடந்தது. அரை அளவு பெரிய இந்தச் செருப்பை வாங்கியது ஒரு சனிக்கிழமை, கடைக்காரர் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கால் வளர்ந்திருக்கே, என்று கேலி செய்தார், நானும் சிரித்தேன், அது எந்த மாதம்... மூன்றாவது தடவை டெக்னீஷியன் தயங்கி நின்றபோது என் கையில் குழாய்கள் இருந்தன, அவசரத்தில் நின்றுகொண்டிருந்தேன், அன்றைக்கும் குனிந்து பார்த்தேன், என் கால்களில் இதே செருப்பு புதிதாக இருந்தது.